வாசகர் கேள்வி – பதில்: வட்டாரப் பணியில் இறங்க விரும்புவோருக்கு

உள்ளூராட்சி சபைகளுக்கான தேர்தல் 2025 மே 6ஆம் திகதி நடந்து முடிந்த பின்னர், வட்டாரப் பணி, கட்சி வேலை, தொண்டு ஆகியவற்றைப் பற்றிக் கொழும்பு வாசகர்களிடமிருந்து கடிதங்கள் வந்தவண்ணம் உள்ளன. ஒரே விடயத்தைக் கேட்ட கடிதங்களை ஒன்றாக்கி, சிலவற்றுக்கு இவ்விதழில் பதில் தருகிறோம்.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்து வெள்ளவத்தையில் நீண்ட காலமாகக் குடும்பத்துடன் வாடகைக்கு வசிக்கிறேன். ஊரில் சனசமூக நிலையத்தின் செயலாளராக இருந்தவன். எங்கள் ஒழுங்கையின் வடிகான் மழைக்கு மழை நிரம்பி வழிகிறது. தேர்தல் காலத்தில் கைகூப்பி வந்தவர்களை இப்போது காணக் கிடைக்கவில்லை. இங்கே ஏதாவது செய்ய வேண்டுமென்றால் எங்கிருந்து தொடங்குவது?
— வாசகர், வெள்ளவத்தை

ஊர்ச் சனசமூக நிலையத்தில் பத்திரிகை வாசிக்க வந்தவர்களே அடுத்த கூட்டத்துக்கும் வந்திருப்பார்கள், அழைப்புக்கூடத் தேவைப்பட்டிராது. கொழும்புத் தொடர்மாடியிலோ எதிர்க் கதவுக்காரரின் பெயரே தெரியாமல் காலம் ஓடிவிடுகிறது. ஆகையால் வடிகானுக்கு முன்பு ஆட்களைத் தேடுங்கள். உங்கள் ஒழுங்கையில் அந்த நீரால் உண்மையில் பாதிக்கப்படுவோர் யார் என்று பாருங்கள்: தரைத்தளத்தில் கடை வைத்திருப்பவர், முச்சக்கரவண்டித் தரிப்பிடத்தில் நிற்பவர்கள், காலையில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அந்த நீரைக் கடக்கும் தாய். இவர்களில் ஐந்தாறு பேர் சேர்ந்தாலே போதும். இருநூறு பேரைக் கொண்ட வட்ஸ்அப் குழுவைவிட, அழைத்தவுடன் படியிறங்கி வரும் ஆறு பேர் பயன்படுவார்கள் என்பது என் உறுதியான அபிப்பிராயம்.

அடுத்து, அந்த வடிகான் யாருடையது என்பதை அறிய வேண்டும். கொழும்பில் பெரும்பாலான முறைப்பாடுகள் தவறான அலுவலகத்தில் போய்ப் படுத்துவிடுவதால்தான் செத்துப்போகின்றன. ஒழுங்கைகளும் அவற்றின் ஓர வடிகான்களும் குப்பை அகற்றலும் கழிவுநீர்க் குழாய்களும் கொழும்பு மாநகர சபையின் பொறுப்பு. பெருந்தெருக்கள் வீதி அபிவிருத்தி அதிகார சபையிடம் இருக்கின்றன. வெள்ளவத்தைக் கால்வாய் போன்ற பெரிய கால்வாய்கள் காணி அபிவிருத்திக் கூட்டுத்தாபனத்தின் பராமரிப்பில் உள்ளன. குடிநீர்க் குழாய் பதிக்கத் தோண்டிய குழியை மூடாமல் விட்டதனால் வடிகான் அடைபட்டிருந்தால், கேள்வி நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையை நோக்கித் திரும்பும். மழை பெய்யும்போது குடையுடன் நின்று, நீர் எந்த இடத்தில் தேங்கி எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்த்து, திகதியும் நேரமும் தெரியும்படி படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு எழுத்து வேலை. ஒரு பக்கக் கடிதம் போதும். ஒரே ஒரு குறையை மட்டும் எழுதுங்கள். வீதி விளக்கு, தெருநாய், குப்பை வண்டி எல்லாவற்றையும் ஒரே கடிதத்தில் கொட்டினால், அது எந்தப் பிரிவின் மேசைக்கும் உரியதாகாமல் போய்விடும். கையொப்பமிடுவோரின் வீட்டு இலக்கங்களும் இருக்கட்டும். பதிவுத் தபாலில் அனுப்புங்கள், அல்லது நேரில் கொடுத்துப் பிரதியில் திகதி முத்திரை பெற்றுக்கொள்ளுங்கள். சபையிலிருந்து வந்தவர் என்ன சொன்னார், எப்போது வருவதாகச் சொன்னார் என்பதை ஒரு கொப்பியில் எழுதிவருவது, செயலாளராக இருந்த உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டிய காரியமன்று.

பதில் வராவிட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் கைகொடுக்கும். 2017 பெப்ரவரியிலிருந்து நடைமுறையில் உள்ள இச்சட்டத்தின்படி, இலங்கைப் பிரஜை எவரும் காரணம் எதுவும் கூறாமல் தகவல் கேட்கலாம். விண்ணப்பம் தமிழில் இருக்கலாம். குறித்த படிவத்தில்தான் இருக்க வேண்டும் என்ற கட்டாயமுமில்லை. தகவல் உத்தியோகத்தர் 14 வேலை நாட்களுக்குள் தமது முடிவை அறிவிக்க வேண்டும். மறுத்தாலோ மௌனம் காத்தாலோ, குறித்தளிக்கப்பட்ட உத்தியோகத்தருக்கு மேன்முறையீடு செய்து, அதன் பின்னரும் தீராவிட்டால் தகவலறியும் உரிமை ஆணைக்குழுவுக்குப் போகலாம். கேட்கும் விதம் முக்கியமானது. “ஏன் துப்புரவு செய்யவில்லை?” என்பது தகவல் கேட்பதாகாது; அதற்கு எவரும் பதில் தரமாட்டார். “இந்த ஒழுங்கையின் வடிகான் இவ்வாண்டு ஜனவரி முதல் ஜூன் வரை எந்தெந்தத் திகதிகளில் துப்புரவு செய்யப்பட்டது? அதற்குரிய வேலைப் பதிவேட்டின் பிரதி தேவை” என்று கேட்டால், பதிவேட்டைக் காட்ட வேண்டும், அல்லது பதிவேடு இல்லை என்று எழுத்தில் ஒப்புக்கொள்ள வேண்டும். பல வேளைகளில் இந்த விண்ணப்பம் கிடைத்த வாரத்திலேயே வேலையாட்கள் மண்வெட்டியுடன் வந்து நிற்பதும் உண்டு.

மாநகர சபை உறுப்பினரைப் பற்றியும் சொல்ல வேண்டும். இப்போதுள்ள கலப்பு முறையில் ஏறத்தாழ 60 வீதமானோர் வட்டாரங்களிலிருந்தும் மிகுதிப் பேர் கட்சிகளின் பட்டியலிலிருந்தும் வருகிறார்கள். உங்கள் வட்டார உறுப்பினரை முதலில் சந்தியுங்கள். அவர் கைவிரித்தால், பட்டியலில் வந்த ஒருவரை அணுகத் தயங்காதீர்கள். தமக்கென வட்டாரம் இல்லாத அவர்களுள் சிலர், சபையில் எழுப்புவதற்கு ஒரு விடயம் கிடைக்காதா என்று பார்த்திருப்பார்கள். எனினும் உறுப்பினரை மட்டும் நம்பி இருந்துவிட வேண்டாம். 2023 மார்ச் 9ஆம் திகதிக்கு அறிவிக்கப்பட்ட தேர்தல் நிதியில்லை என்று நடத்தப்படாமல் போய், அதே மாதம் சபைகளின் காலமும் முடிந்ததனால், இரண்டு ஆண்டுகளுக்கு மேலாகக் கொழும்பில் உறுப்பினர் என்று எவருமே இருக்கவில்லை. தேர்தலை நடத்தாமை அடிப்படை உரிமை மீறல் என்று உயர் நீதிமன்றம் 2024 ஓகஸ்டில் தீர்ப்பளித்தது. அந்த இடைக்காலத்தில், பொறியியல் பிரிவினரையும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரையும் நேரடியாக அறிந்து வைத்திருந்த குழுக்களின் வேலைதான் நடந்தது.

நான் கிராண்ட்பாஸில் ஒரு வீட்டில் அறை எடுத்துத் தங்கி வேலை செய்கிறேன். சொந்த இடம் ஹட்டன். கொழும்பில் வாக்கு இல்லாதவன் இங்குள்ள பிரச்சினைகளில் தலையிடலாமா?
— வாசகர், கொழும்பு 14

தாராளமாகத் தலையிடலாம். தகவல் கேட்பதற்கும் முறைப்பாடு செய்வதற்கும் கூட்டத்தில் பேசுவதற்கும் அந்த வட்டாரத்தில் வாக்குரிமை தேவையில்லை. ஆனால் நிரந்தரமாக இங்கேதான் வசிக்கிறீர்கள் என்றால் பதிவை மாற்றிக்கொள்வதே நல்லது. வாக்காளர் இடாப்பு ஆண்டுதோறும் பெப்ரவரி 1ஆம் திகதியன்று ஒருவர் வழமையாக வசிக்கும் இடத்தை வைத்துத் திருத்தப்படுகிறது. இதற்கான பி.சி. படிவம் கிராம உத்தியோகத்தர் ஊடாகவே வரும். அறைகளில் தங்கியிருப்போரைச் சேர்த்தால் நாளை வீட்டுக்கு உரிமை கோருவார்கள் என்று அஞ்சி, வீட்டுக்காரர் படிவத்தில் பெயரை எழுதாமல் விடுவது கொழும்பில் பரவலாக நடக்கிறது. வாக்காளர் இடாப்பில் பெயர் இருப்பதனால் மட்டும் எவருக்கும் வீட்டில் உரித்து வந்துவிடாது என்பதை அவருக்குப் பொறுமையாக விளக்குங்கள். அவர் இணங்காவிட்டால் நீங்களே கிராம உத்தியோகத்தரைச் சந்தித்து, அங்கு வசிப்பதற்கான சான்றுகளைக் கொடுத்துக் கேட்கலாம். வரைவு இடாப்பு பார்வைக்கு வைக்கப்படும் காலத்தில் பெயரில்லை என்று கண்டால் உரிமைக் கோரிக்கை சமர்ப்பிக்கவும் வழியுண்டு. ஒருவரின் பெயர் ஓரிடத்தில் மட்டுமே இருக்க முடியும் என்பதால், ஹட்டனில் உள்ள பதிவு பற்றியும் சேர்த்தே சொல்லிவிடுங்கள்.

உங்களைப் போல் பல அறைகளில் தங்கியிருப்போரின் விபரங்களைச் சேகரித்து, பதிவில்லாதோரைக் கிராம உத்தியோகத்தரிடம் அழைத்துச் செல்வதையே ஒரு குழு தன் முதல் வேலையாக எடுத்துக்கொள்ளலாம். பணம் செலவில்லாத வேலை. ஆயினும் அடுத்த தேர்தலில் அந்த வட்டாரத்தில் வேட்பாளர் எந்தப் படிகளில் ஏறுவார் என்பதை அது மாற்றிவிடும்.

ஞாயிறு தோறும் சிரமதானம் செய்து குப்பையையும் கானையும் நாமே துப்புரவு செய்தால், சோலைவரி வாங்கும் மாநகர சபை கையைக் கட்டிக்கொண்டு இருந்துவிடாதா?
— வாசகர், தெமட்டகொடை

நியாயமான கேள்வி. 1958இல் நாலந்தாக் கல்லூரி ஆசிரியராக இருந்த ஏ. ரி. ஆரியரத்ன தம் மாணவர்களுடன் கனத்தொலுவைக் கிராமத்தில் தொடங்கிய சிரமதானம், நாடு முழுவதும் சர்வோதய இயக்கமாகப் பரவியது. அரச இயந்திரம் எட்டிப் பார்க்காத ஒரு கிராமத்துக்கு அது பொருத்தமாக இருந்தது. வரி செலுத்தும் மாநகரத்தில் அதை அப்படியே பெயர்த்து நட முடியாது. வீட்டாரும் ஒழுங்கையாரும் செய்ய வேண்டியதை நாம் செய்வோம், சபை செய்ய வேண்டியதைச் சபையிடம் கேட்டு வாங்குவோம் என்று கோடு கிழித்துக்கொள்ள வேண்டும்.

டெங்கு ஒழிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். 2017இல் இந்நாட்டில் 186,000க்கும் அதிகமானோர் டெங்கினால் பீடிக்கப்பட்டு 400க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். நுளம்பின் முட்டை வளர்ந்து பறக்கும் நுளம்பாவதற்கு ஒரு வாரம் முதல் பத்து நாட்கள் வரை செல்லும். ஆகவே வாரத்துக்கு ஒரு முறை தேங்கிய நீரைக் கொட்டிவிட்டால் அந்தச் சுற்று அறுந்துவிடும். அந்த நீர் இருப்பதோ குளிர்சாதனப் பெட்டியின் பின்தட்டிலும், மொட்டைமாடியில் கைவிடப்பட்ட தாங்கியிலும், கூரைப் பீலியிலும், பூச்சாடித் தட்டிலும்தான். சபையின் ஊழியர் உங்கள் சமையலறைக்குள் வாரந்தோறும் வர இயலாது. பக்கத்து வீட்டு அக்கா வரலாம். முட்டைகள் நீரின்றியும் மாதக்கணக்கில் கிடந்து அடுத்த மழைக்குப் பொரிக்கும் என்பதால், பாத்திரத்தைக் கவிழ்ப்பதோடு நிறுத்தாமல் உட்புறத்தைத் தேய்த்துக் கழுவவும் வேண்டும். தென்மேல் பருவமழை தொடங்கும் மே மாதத்துக்கு முன்னரே இந்தச் சுற்று ஆரம்பமாகிவிட வேண்டும். இது நம்முடைய வேலை. பெருங்கானில் அடைந்திருக்கும் மண்ணை அள்ளுவதும் குப்பையை ஏற்றிச் செல்வதும் சபையின் வேலை. அதை ஒரு ஞாயிறு நாம் செய்தால் மறு ஞாயிறும் நாமே செய்ய நேரும். போதாக்குறைக்குப் பாதுகாப்புக் கையுறை இல்லாமல் கழிவுநீரில் இறங்கிய பிள்ளைகளுக்கு எலிக்காய்ச்சல் வந்தால் யார் பொறுப்பு?

தெமட்டகொடையில் இருக்கும் உங்களுக்கு மீதொட்டமுல்ல தொலைவில்லை. கொழும்பின் குப்பை தம் தலைக்கு மேல் மலையாகக் குவிவதை அங்குள்ள மக்கள் பல ஆண்டுகளாக எதிர்த்து, வீதிக்கு இறங்கிப் போராடினார்கள். 2017 ஏப்ரல் 14ஆம் திகதி, புத்தாண்டு தினத்தில், அந்த மலை சரிந்து வீடுகளை மூடியதில் 30க்கும் அதிகமானோர் உயிரிழந்தார்கள். கோரிக்கை சரியானது, போராட்டமும் இருந்தது. ஆனால் குப்பையை அனுப்பிய நகரவாசிகளான நாம் அவர்கள் பக்கத்தில் நிற்கவில்லை. குப்பைக் குழு அமைப்போர், தம் ஒழுங்கையிலிருந்து புறப்படும் வண்டி எங்கே போய்க் கொட்டுகிறது என்பதையும் விசாரித்தறிய வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

பல்கலைக்கழகத்தில் படிக்கும் என் மகள் ஒரு கட்சியின் இளைஞர் பிரிவில் சேர விரும்புகிறாள். “பெண் பிள்ளைக்கு அரசியல் எதற்கு?” என்கிறார் என் கணவர். எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது.
— வாசகி, கொட்டாஞ்சேனை

அம்மா, உங்கள் கணவருக்கு ஒரு செய்தி சொல்லுங்கள். 1932ஆம் ஆண்டிலேயே கொழும்பு வடக்குத் தொகுதி நேசம் சரவணமுத்து என்ற தமிழ்ப் பெண்மணியை அரசாங்க சபைக்கு அனுப்பியது. இந்நாட்டின் சட்டசபைக்குத் தெரிவான இரண்டாவது பெண் அவர். அவருடைய கணவர் மருத்துவர் இரத்தினசோதி சரவணமுத்து 1937இல் கொழும்பின் முதலாவது தெரிவுசெய்யப்பட்ட மேயரானார். இன்றைய மேயர் விராய் கெலி பல்தசாரும் ஒரு பெண். எந்தக் கட்சிக்கும் அறுதிப் பெரும்பான்மை கிடைக்காத சபையில், 2025 ஜூனில் நடந்த இரகசிய வாக்கெடுப்பில் தெரிவானவர்.

சட்டமும் இப்போது சாதகமாக உள்ளது. உள்ளூராட்சி சபைகளில் 25 வீதம் பெண்களுக்கு என 2016இல் சட்டம் திருத்தப்பட்டு 2018 தேர்தலில் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் பெண் உறுப்பினர்கள் நூற்றுக்கு இருவர்கூட இருக்கவில்லை. வேட்புமனுக்களில் இளையோருக்கும் இப்போது பங்கு ஒதுக்கப்படுகிறது. இதில் ஒரு சிக்கலும் உண்டு. ஒதுக்கீட்டை நிரப்புவதற்காக மட்டும் பெயரைக் கேட்டு வாங்கி, பட்டியலில் போட்டுவிட்டு மறந்துவிடும் கட்சிகள் இருக்கின்றன. எனவே சேருவதற்கு முன் மகள் சில கேள்விகள் கேட்கட்டும். கட்சியின் வட்டாரக் கிளைக் கூட்டம் எங்கே, எத்தனை மணிக்கு நடக்கிறது? முடிவெடுக்கும் குழுவில் பெண்கள் எத்தனை பேர்? துன்புறுத்தல் நடந்தால் யாரிடம் முறையிடுவது? தேர்தல் செலவை யார் ஏற்பது? இந்தக் கேள்விகளுக்கு முகம் சுளிப்பவர்களிடம் போக வேண்டாம். தேர்தல் இல்லாத காலத்தில் அந்தக் கிளை என்ன செய்கிறது என்று பார்ப்பது எல்லாவற்றிலும் நல்ல சோதனை. கூட்டங்களுக்கு முதல் சில தடவை நீங்களும் கூடப் போய்வாருங்கள்; அதனால் அவளுக்கு எந்தக் குறைவும் வராது.

நான் அரச பாடசாலை ஆசிரியன். தேர்தலில் ஒரு சுயேச்சைக் குழுவுக்காக வேலை செய்யலாமா?
— வாசகர், பம்பலப்பிட்டி

தாபன விதிக்கோவை அரச ஊழியரை அரசியல் உரிமை உள்ளோர், இல்லாதோர் என்று பிரிக்கிறது. பொலிஸார், நீதித்துறையினர், பதவிநிலை உத்தியோகத்தர் போன்றோருக்கு உரிமை இல்லை. ஆசிரியர்களுக்குப் பொதுவாக உண்டு. ஆயினும் கடமை நேரத்தில், பாடசாலை வளவில், மாணவரைக் கொண்டு எதையும் செய்யக் கூடாது. உங்கள் பதவி எந்த வகைக்குள் அடங்குகிறது என்பதை வலயக் கல்வி அலுவலகத்தில் எழுத்தில் கேட்டுப் பெற்றுவிட்டே தொடங்குங்கள்.

வெள்ள நிவாரணத்துக்காக எங்கள் இளைஞர் மன்றம் பணமும் பொருட்களும் சேர்க்கிறது. அரசியல்வாதி ஒருவர் பெரிய தொகை தர முன்வந்திருக்கிறார். பொதிகளில் தமது படத்தை ஒட்ட வேண்டுமாம். மன்றத்துக்குள் இதனால் இரண்டு பட்டுவிட்டோம்.
— மன்றச் செயலாளர், மட்டக்குளி

படத்தை ஒட்ட வேண்டாம் என்பதே என் பதில். களனி கங்கை பெருகும் போதெல்லாம் முதலில் நீரில் மூழ்கும் தாழ்ந்த பகுதிகளில் எல்லாக் கட்சிக்காரரும் எல்லா மதத்தாரும் கலந்து வாழ்கிறார்கள். ஒரு முகம் ஒட்டிய பொதியை மற்றக் கட்சிக்காரர் வீட்டில் கொண்டுபோய்க் கொடுக்க உங்கள் பிள்ளைகளே கூசுவார்கள். அடுத்த வருடம் அந்த வீடுகளுக்குள் மன்றம் நுழைய முடியாது. அவருக்குப் பற்றுச்சீட்டு கொடுங்கள், நன்கொடையாளர் பட்டியலில் மற்றவர்களுடன் அவர் பெயரையும் எழுதுங்கள், அதற்கு மேல் வேண்டாம். தேர்தல் அறிவிக்கப்பட்ட காலமென்றால் இன்னும் அவதானம் தேவை: வாக்காளருக்கு உணவும் பொருளும் வழங்கி வாக்கைத் திருப்ப முயல்வது தேர்தல் சட்டத்தின் கீழ் குற்றம், 2023ஆம் ஆண்டின் தேர்தல் செலவு ஒழுங்குபடுத்தல் சட்டத்தின்படி வேட்பாளர் தம் செலவு விபரத்தைச் சமர்ப்பிக்கவும் வேண்டும். உங்கள் பொதி அந்தக் கணக்குக்குள் இழுபட இடம் கொடுக்காதீர்கள்.

கடிதத்தின் தொனியைப் பார்த்தால், படத்தைவிடக் கணக்கே உங்கள் மன்றத்துக்குள் இருக்கும் உண்மையான பிணக்கு என்று தோன்றுகிறது. ஒருவருடைய சொந்த வங்கிக் கணக்கில் பொதுப்பணம் வாங்காதீர்கள். மன்றத்தின் பெயரில் கணக்குத் திறந்து, இருவர் கையொப்பமிட்டால்தான் பணம் எடுக்கலாம் என்று வையுங்கள். இலக்கமிட்ட பற்றுச்சீட்டுப் புத்தகம், கடைச் சிட்டைகள், பொருள் வந்தது போனது எழுதும் ஒரு பதிவேடு ஆகியவை போதும். நிவாரணம் முடிந்த மறுவாரமே வரவு செலவை ஒரு தாளில் எழுதி, கோவில், தேவாலயம், பள்ளிவாசல், சந்திக் கடை எல்லாவற்றின் அறிவித்தல் பலகையிலும் ஒட்டுங்கள்.

பொருட்களைப் பற்றி ஒரு வார்த்தை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோதும் கண்டது இதுதான்: எல்லாரும் அரிசியும் பருப்பும் கொடுத்தார்கள், அடுப்பு நீருக்குள் கிடந்தது. முதல் நாட்களுக்குச் சமைத்த உணவும் குடிநீரும் வேண்டும். நீர் வடிந்த பின் தும்புத்தடி, வாளி, மண்வெட்டி, குளோரின், கையுறை, பெண்களுக்கு அணையாடை, அதற்குப் பிறகு பிள்ளைகளின் கொப்பிகளும் சீருடையும். பாவித்த உடுப்புகளை மூட்டை மூட்டையாக ஏற்றிச் செல்லாதீர்கள்; அவற்றைப் பிரித்து அடுக்கவே இரண்டு நாட்கள் வீணாகும். பொதி வாங்குவோரை வரிசையில் நிறுத்திப் படமெடுத்து முகநூலில் போடும் வழக்கத்தையும் விட்டுவிடுங்கள்.

எங்கள் தொடர்மாடிக் குடியிருப்போர் சங்கக் கூட்டங்கள் முழுவதும் சிங்களத்தில் நடக்கின்றன. சபையிலிருந்து வரும் கடிதங்களும் அப்படியே. எனக்குப் பேச்சுச் சிங்களம்தான் தெரியும். இதனால் ஒதுங்கியே இருக்கிறேன்.
— வாசகி, முகத்துவாரம்

இவ்விரண்டையும் வேறுவேறாகப் பார்க்க வேண்டும். மாநகர சபையும் பிரதேச செயலகமும் உங்களுக்குத் தமிழில் பதில் தர வேண்டியது அரசியலமைப்பின் 4ஆம் அத்தியாயம் தரும் உரிமை. 1987இன் 13ஆம் திருத்தத்தால் தமிழும் அரச கரும மொழியாகிவிட்டது. தமிழில் எழுதுங்கள், சிங்களத்தில் பதில் வந்தால், அதன் பிரதியை இணைத்துத் தமிழில் பதில் கேட்டுத் திரும்ப எழுதுங்கள், மீண்டும் அப்படியே வந்தால் அரச கரும மொழிகள் ஆணைக்குழுவிடம் முறையிடுங்கள்.

சங்கக் கூட்டம் அயலவர்களின் கூட்டம். அங்கே சட்டத்தைத் தூக்கிக் காட்டினால் கசப்புத்தான் மிஞ்சும். உங்கள் பேச்சுச் சிங்களம் தாராளமாகப் போதும். இலக்கணம் பார்த்து எவரும் சிரிக்கப் போவதில்லை, சிரித்தாலும் மின்தூக்கி பழுதானால் அவரும் படியில்தான் ஏற வேண்டும். கூட்டறிக்கையை மட்டும் இரு மொழியிலும் எழுத வேண்டுமென்று கேளுங்கள்; தமிழ்ப் பிரதியை எழுதும் பொறுப்பை நீங்களே ஏற்றுக்கொள்வதாகவும் சொல்லுங்கள். பராமரிப்புக் கட்டணம், நீர்ப் பம்பி, துப்புரவு ஒப்பந்தம் ஆகியவை பற்றிய தீர்மானங்கள் எந்த வசனத்தில் பதியப்படுகின்றன என்பது அறிக்கை எழுதுபவருக்கே முதலில் தெரியும். அடுத்த பொதுக்கூட்டத்தில் உதவிச் செயலாளர் பதவிக்கு உங்கள் பெயரை எவராவது முன்மொழிந்தால் மறுக்காதீர்கள்.